புள்ளி வைத்த எழுத்துகள்

ஆய்வகச் சீட்டில் ‘எச்.பி.வி. பாசிட்டிவ்’ என்று அச்சாகி வந்தால், மும்பையை அடுத்த அம்பர்நாத்தில் அதற்கு ஒரு தூரமும் ஒரு விலையும் உண்டு. மத்திய ரயில் பாதையில் தாதர் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர், அங்கிருந்து பரேல், பரேலில் டாட்டா ஆஸ்பத்திரியின் வரிசை. ஆர்டினன்ஸ் ஃபேக்டரி பக்கமோ, பழைய சிவன் கோயிலைத் தாண்டிப் பெருகிய சால்களிலோ வசிக்கும் 35 வயதுப் பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். வீட்டில் சொல்வதா வேண்டாமா என்ற குழப்பம். முடிவு தெரியும்வரை தூக்கம் கெட்ட இரவுகள். கால்போஸ்கோப் வழியாகக் கருப்பை வாயைப் பார்த்து, சந்தேகம் வந்தால் துளி சதை எடுத்துப் பயாப்சி செய்து, கடைசியில் பெரும்பாலோரிடம் சொல்வது ‘பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த வருஷம் வாருங்கள்’ என்பதுதான். இந்த அலைச்சலுக்குக் காரணம், நாம் சோதனையிடம் பாதிக் கேள்வியை மட்டும் கேட்பது. கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸ் இருக்கிறதா என்று கேட்கிறோம். இருக்கும் வைரஸின் டி.என்.ஏ. இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்பதில்லை. அதைக் கேட்கும் முறைகள் பணக்கார நாடுகளுக்கான ஆடம்பரம் என்று இங்கே ஒரு நினைப்பு இருக்கிறது. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு அந்தக் கேள்வி அவசியம் என்பது என் கட்சி.

முதலில் கணக்கு. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1999இல் தொடங்கி, 30 முதல் 59 வயது வரையிலான சுமார் 1,31,000 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2009இல் வெளியானது. டாட்டா நினைவு மையமும் பார்ஷியிலுள்ள நர்கிஸ் தத் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து செய்தது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை செய்த குழுவில், எட்டு ஆண்டுகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவுகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. வைரஸ் இல்லை என்று முடிவு வந்த பெண்களுக்கு அந்தக் காலத்தில் புற்று வந்தது மிக அபூர்வம். ‘இல்லை’ என்று சொல்வதில் இந்தச் சோதனைக்கு நிகர் கிடையாது. ‘இருக்கிறது’ என்று சொல்லும்போதுதான் சிக்கல். அந்த ஆய்வில் பத்தில் ஒரு பெண்ணுக்குப் பாசிட்டிவ் வந்தது. அவர்களில் ஏறத்தாழ ஒன்பதில் ஒருவருக்குத்தான் சிகிச்சை தேவைப்படும் அளவு முற்றிய, புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்தது. இதே விகிதத்தை அம்பர்நாத்தின் ஆயிரம் பெண்களுக்குப் போட்டுப் பார்த்தால் நூறு பேர் தாதர் ரயில் ஏற வேண்டும், அதில் பதினோரு பேருக்கு மட்டுமே ஏறியாக வேண்டிய காரணம் இருக்கும். மற்ற எண்பத்தொன்பது பேரின் உடம்பு அந்த வைரஸைத் தானாகவே அடக்கிவிடும் வாய்ப்பு மிக அதிகம். தொற்றிய இரண்டு ஆண்டுகளுக்குள் பத்தில் ஒன்பது தொற்றுகள் தடம் தெரியாமல் போய்விடுகின்றன.

அந்தப் பதினொன்றையும் எண்பத்தொன்பதையும் பிரிப்பது எது? வைரஸின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். இந்நோய்க்குக் காரணமான வகைகளில் முதன்மையானது எச்.பி.வி. 16. ஹரால்ட் சூர் ஹவுசனின் ஜெர்மானிய ஆய்வகத்தில் 1983இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கு அடுத்ததான 18ஆம் வகை மறுவருடம். 2008இல் அவருக்கு நோபல் பரிசு. 16ஆம் வகையின் மரபுச் சரம் ஏறத்தாழ 7,900 எழுத்துகள் கொண்ட ஒரு வளையம். நம் செல்லின் 300 கோடி எழுத்துகளோடு ஒப்பிட்டால் இது ஒரு துண்டுச் சீட்டு. கருப்பை வாயின் தோல்படலத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக அடியடுக்குச் செல்லுக்குள் நுழைந்து, நியூக்ளியஸில் தனி வளையமாகவே தங்கும். சரியான ஒண்டிக்குடித்தனம். வீட்டுக்காரனின் அடுப்பில் சமைத்துக்கொள்ளும், வீட்டுப் பத்திரத்தில் கை வைக்காது. அடியடுக்குச் செல்கள் பிரிந்து மேலே வர வர, வைரஸும் தன்னைப் பிரதியெடுத்து, மேலடுக்கில் உறை கட்டிக்கொண்டு, உதிரும் செல்லோடு வெளியேறும். ஒரு தொல்லை என்னவென்றால், மேலடுக்குச் செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டவை. பிரதியெடுக்கும் பட்டறை அங்கே மூடிக் கிடக்கும். அதைத் திறக்க வைரஸிடம் இ6, இ7 என்று இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன. இ7 உண்டாக்கும் புரதம் செல் பிரிவதைத் தடுக்கும் ஆர்பி புரதத்தைச் செயலிழக்க வைக்கும். இ6இன் புரதம், தப்பு நடந்தால் செல்லையே மாய்த்துக்கொள்ளச் சொல்லும் பி53 புரதத்தை அழித்துவிடும். இவை இரண்டும் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள வைரஸே ஒரு மேஸ்திரியையும் வைத்திருக்கிறது: இ2. குடித்தனம் அமைதியாக நடப்பது இ2 வேலை செய்யும்வரைதான்.

‘டி.என்.ஏ.யில் மாற்றம்’ என்றதும் எழுத்து மாறுவதைத்தான் நினைப்போம். இங்கே முதல் வியப்பு. 2017இல் 5,570 பெண்களிடமிருந்து எடுத்த எச்.பி.வி. 16 மரபுச் சரங்களை முழுமையாகப் படித்து ஒப்பிட்ட ஆய்வில், தானாக அடங்கிய தொற்றுகளின் இ7 மரபணுவில் ஆங்காங்கே எழுத்து மாற்றங்கள் இருந்தன. புற்றிலும் அதற்கு முந்தைய நிலையிலும் எடுத்த வைரஸ்களில் இ7 ஏறக்குறைய ஓர் எழுத்துகூடப் பிசகாமல் இருந்தது. வைரஸ் கெட்டுப்போனதால் புற்று வருகிறது என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது தலைகீழ்ப் பாடம். இ7 அப்படியே இருந்தால்தான் ஆபத்து. அதில் பிழை விழுந்தால் வைரஸ் தோற்றுப்போகிறது. ஆகவே பதினொன்றைப் பிரித்துக் காட்டும் அடையாளத்தை எழுத்துப் பிழைகளில் தேடிப் பயனில்லை.

இரண்டாவது மாற்றம் புகழ்பெற்றது, பாடப்புத்தகங்களில் இருப்பது. சில செல்களில் வளையம் அறுந்து, நீண்ட இழையாகி, மனிதக் குரோமோசோமில் ஓர் உடைசலில் ஒட்டிக்கொள்கிறது. ஒண்டிக்குடித்தனக்காரன் பெயர் பட்டாவில் ஏறிவிட்ட மாதிரி. இனி அந்தச் செல் பிரியும் ஒவ்வொரு தடவையும் வைரஸின் துண்டும் சேர்ந்தே பிரதியாகும். அறுபடும் இடம் பல சமயம் இ2 மரபணுவாக அமைந்துவிடுகிறது. மேஸ்திரி போனபின் இ6, இ7 இரண்டும் தடையில்லாமல் வேலை செய்கின்றன. 1951இல் அமெரிக்காவில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்க் கட்டியிலிருந்து எடுத்து, இன்றுவரை உலகத்து ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருக்கும் ஹீலா செல்களில், எச்.பி.வி. 18இன் துண்டுகள் எட்டாவது குரோமோசோமில், செல் பெருக்கத்தைத் தூண்டும் மிக் என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் செருகிக் கிடக்கின்றன. வைரஸுக்கு இதில் லாபம் எதுவும் கிடையாது என்பதைச் சொல்ல வேண்டும். வளையம் அறுந்த வைரஸால் புதிய வைரஸை உருவாக்க முடியாது. புற்று அதற்கு ஒரு முட்டுச்சந்து. அம்பர்நாத்துக்குப் பரேலைவிடப் பக்கத்தில் இருக்கும் கார்கர் ஆய்வு மையத்தில், டாட்டா நினைவு மையத்தின் அமித் தத் குழுவினர், மனிதக் கட்டிகளின் மரபுச் சரத்தைப் படித்த கோப்புகளுக்குள் எச்.பி.வி. எங்கெங்கே செருகியிருக்கிறது என்று தேடித்தரும் ஒரு கணினி நிரலை 2015இல் வெளியிட்டார்கள். ஆக, இந்தத் தேடல் மேற்கிலிருந்து இறக்குமதியாகக் காத்திருக்கும் விஷயமன்று.

ஆனால் இந்த அழகான கதையில் ஒரு கிழிசல் இருக்கிறது. அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்டம் 2017இல் வெளியிட்ட முடிவின்படி, எச்.பி.வி. 18 காரணமான கட்டிகள் அனைத்திலும் செருகல் இருந்தது, எச்.பி.வி. 16 காரணமானவற்றில் 76 விழுக்காட்டில் மட்டுமே. அதாவது, 16ஆம் வகைப் புற்றுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் வளையம் பட்டாவில் ஏறாமலேயே காரியம் முடிந்திருக்கிறது. செருகலை மட்டும் தேடும் சோதனை அவ்வளவு பேரையும் ‘பயமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடும். செருகல் இல்லாமலேயே இ2இன் வாயை அடைப்பது எப்படி? இதற்கு ஒரு விடை 2006இல் கொல்கத்தாவிலிருந்து வந்தது. இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பொர்ணாலி பட்டாச்சார்ஜியும் ஷர்மிளா சென்குப்தாவும், இ2 மரபணு உடையாமல் முழுசாக இருந்த கட்டிகளை எடுத்துப் பார்த்தார்கள். இ2 புரதம் போய் உட்கார வேண்டிய இடத்தில், வைரஸ் டி.என்.ஏ.யின் மேல் மெத்தில் குறிகள் ஏறியிருந்தன. மேஸ்திரி உயிரோடுதான் இருக்கிறார். அவர் உட்காரும் நாற்காலியை யாரோ மறித்துவிட்டார்கள்.

இந்த மெத்தில் குறியை விளக்கத் தமிழுக்குள்ளேயே நல்ல உவமை இருக்கிறது. ‘க’ என்ற எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் ‘க்’. எழுத்தின் வடிவம் அப்படியே இருக்க, உள்ளிருந்த உயிரோசை மட்டும் அடங்கிப்போகிறது. டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்றான ‘சி’யின் மேல், அதற்கு அடுத்து ‘ஜி’ வரும் இடங்களில், ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட சின்னஞ்சிறு மெத்தில் தொகுதி வந்து ஒட்டுவது அப்படித்தான். எழுத்து மாறாது, ஆனால் அந்தப் பகுதியைப் படித்துப் புரதமாக்கும் வேலை மந்தமாகும் அல்லது நின்றுபோகும். வழக்கமான எச்.பி.வி. சோதனை படிப்பது புள்ளியில்லாத எழுத்துகளை. பழைய ஓலைச்சுவடிகளில் எழுத்தாணி கிழித்துவிடும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். எது மெய், எது உயிர்மெய் என்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். சுவடி படிப்பவருக்கு முன்பின் சொற்கள் துணையிருக்கும். எச்.பி.வி. சீட்டைக் கையில் வாங்கிய பெண்ணுக்கு அந்தத் துணையும் இல்லை.

எந்தப் புள்ளி எதைக் காட்டுகிறது? வைரஸ் ஒழுங்காகக் குடித்தனம் நடத்தும் தொற்றில், உறை கட்டும் புரதங்களுக்கான எல்1, எல்2 மரபணுக்கள் கடைசிக் கட்டத்தில் திறந்திருக்க வேண்டும். அங்கே புள்ளி குறைவு. தொற்று தடம் மாறி, செல்கள் முதிராமல் பெருகத் தொடங்கியபின் வைரஸ் உறை கட்டுவதேயில்லை. எல்1, எல்2 இரண்டின் மேலும் புள்ளிகள் மண்டத் தொடங்குகின்றன. கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்டே பகுதிப் பெண்களிடம் பல ஆண்டுகள் எடுத்துச் சேமித்த மாதிரிகளை வைத்து 2012இல் வெளியான ஆய்வில், புற்றுக்கு முந்தைய நிலை உள்ளவர்களின் எச்.பி.வி. 16இல் இந்தப் புள்ளிகள் தெளிவாகக் கூடுதலாக இருந்தன. நோய் உறுதியாவதற்கு முன்பே எடுத்த மாதிரிகளிலும் சில இடங்களில் அந்தக் கூடுதல் தென்பட்டது. பிறகு லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தில் ஒரு மனித மரபணுவையும், 16, 18, 31, 33 ஆகிய நான்கு வகைகளின் பின்கட்ட மரபணுக்களையும் சேர்த்துப் புள்ளி எண்ணும் சோதனை ஒன்றை உருவாக்கினார்கள். எண்ணும் முறையும் கேட்கச் சுவையானது. டி.என்.ஏ.யோடு பைசல்ஃபைட் என்ற உப்பைச் சேர்த்தால், புள்ளியில்லாத ‘சி’ எல்லாம் வேறு எழுத்தாக மாறிவிடும். புள்ளி வைத்த ‘சி’ மட்டும் அசையாமல் நிற்கும். அதன்பின் எழுத்தைப் படித்தாலே போதும், புள்ளி எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும்.

புள்ளியெல்லாம் எண்ண வேண்டாம், காத்திருந்து பார்ப்போம், முற்றுகிறவருக்கு வைத்தியம் செய்வோம் என்று ஒருவர் கேட்கலாம். மிதமான மாற்றத்துக்கு அது நியாயமான யோசனைதான். சி.ஐ.என். 2 என்று பெயரிட்ட நிலையை வைத்தியம் செய்யாமல் கவனித்த ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் பார்த்தபோது, இரண்டு ஆண்டுகளில் பாதிப் பேருக்குத் தானாகவே குறைந்தது, சுமார் 18 விழுக்காட்டினருக்கு முற்றியது. ஆனால் காத்திருத்தலுக்கு ஓர் இருண்ட வரலாறும் உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில், தேசிய மகளிர் மருத்துவமனையில், முற்றிய நிலையில் இருந்த பெண்களில் ஒரு பகுதியினருக்குச் சரியான வைத்தியம் செய்யாமல் ‘கவனித்து’க்கொண்டிருந்தார்கள். 1987இல் இது பற்றி நீதிபதி கார்ட்ரைட் விசாரணை நடந்தது. அப்படிச் சரியான வைத்தியம் பெறாதவர்களில் 31 விழுக்காட்டினருக்கு முப்பது ஆண்டுகளுக்குள் பரவும் புற்று வந்ததையும், முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்பதையும் 2008இல் கணக்கிட்டார்கள். நம் ஊர்க் கதையும் இதற்குச் சளைத்ததில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த டெல்லி நிறுவனம் ஒன்று 1970களின் நடுவில் தொடங்கி 1,158 பெண்களின் கருப்பை வாய் மாற்றங்களைச் சிகிச்சையின்றிப் பின்தொடர்ந்ததும், அவர்களிடம் எழுத்துபூர்வ ஒப்புதல் வாங்காததும் 1997இல் வெளியே வந்து பெரும் கண்டனத்துக்கு ஆளாயின. எது முற்றும், எது முற்றாது என்பது பற்றிய நம் அறிவில் ஒரு பகுதி இப்படி வாங்கியது. அந்தக் கேள்விக்கு ஒரு குச்சியில் ஒட்டிய செல்களே விடை சொல்லும் என்றால், பெண்ணின் ஆண்டுகளைப் பணயம் வைத்துத் தெரிந்துகொள்வதை ஏன் தொடர வேண்டும்?

அடுத்த எதிர்வாதத்துக்குக் கனம் அதிகம். வினிகரே போதும் என்பார்கள். மூன்று முதல் ஐந்து விழுக்காடு அசெட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் காத்திருந்து, ஹாலோஜன் விளக்கில் பார்த்தால், புரதமும் நியூக்ளியஸும் செறிந்த மாறுபட்ட செல்கள் வெள்ளையாகத் திரையிட்டு நிற்கும். டாட்டா ஆஸ்பத்திரியின் டாக்டர் சுரேந்திர சாஸ்திரியின் தலைமையில் 1998இல் மும்பையின் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய ஆய்வில், பத்தாவது படித்த பெண்களைச் சில வாரங்கள் பழக்கி இதைச் செய்யவைத்தார்கள். சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள் அடங்கிய அந்த ஆய்வின் முடிவில், சோதிக்கப்பட்ட குழுவில் சாவுகள் 31 விழுக்காடு குறைந்தன. திண்டுக்கல் மாவட்டத்தில் செவிலியர் ஒரே ஒரு சுற்று செய்த சோதனையில் 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் முடிவு வந்தது. இந்த வினிகர்ப் பஞ்சை மட்டமாகப் பேச எனக்கு மனமில்லை. உலகின் மிகச் சிக்கனமான உயிர்காப்புகளில் அதுவும் ஒன்று. ஆனால் உஸ்மானாபாத்தில் அதே வினிகர் முறையால் சாவு எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பார்ப்பவரின் கண்ணும், பழக்கமும், மாதவிடாய் நின்றபின் மாற்றம் நிகழும் விளிம்பு உள்ளே போய் மறைந்துகொள்வதும் முடிவை ஆட்டிவைக்கின்றன. 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையையே முதல் சோதனையாக வைக்கச் சொல்லிவிட்டது. அந்த வழியில் போகிறவர்கள் எண்பத்தொன்பது பேரின் சிக்கலையும் கூடவே வாங்கிக்கொள்கிறார்கள்.

பாசிட்டிவ் வந்த எல்லோருக்கும் அன்றைக்கே வெப்பக் கருவியால் சுட்டு விட்டுவிடலாமே என்கிறவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வரவே வாய்ப்பில்லாத மலைக்கிராமத்தில் அதுதான் சரி, நானும் ஒப்புக்கொள்வேன். ரயில் ஓடும் அம்பர்நாத்தில் அந்த வாதம் நிற்காது. எண்பத்தொன்பது பேருக்கு வேண்டாத வைத்தியம் என்பது வலி, கசிவு, பயம். வெட்டியெடுக்கும் சிகிச்சையாக இருந்தால் பின்னாளில் குறைப்பிரசவ ஆபத்தும் கொஞ்சம் கூடும். செலவைப் பற்றிய கேள்வி நேர்மையானது. பைசல்ஃபைட் வேலைக்குத் தேர்ந்த ஆய்வகம் வேண்டும். அந்த உப்பு டி.என்.ஏ.யையே சிதைக்கும், செல் குறைவாக இருந்தால் முடிவு வராது. புள்ளிகள் ஏறாத முற்றிய மாற்றங்களும் உண்டு, அவற்றை இது தவறவிடும். ஆகவே ‘புள்ளி குறைவு’ என்று முடிவு வந்தவரை ஓர் ஆண்டு கழித்து மறுபடி கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புள்ளி எண்ண வேண்டியது ஆயிரம் பேருக்கல்ல, நூறு பேருக்கு. அதற்குப் புதிதாக ஒரு வருகை தேவையில்லை. முதல் நாள் எடுத்த, அவளே தன் வீட்டில் எடுத்திருக்கக்கூடிய அதே குச்சி போதும். ஆய்வகத்தில் ஒரு வேலை கூடுகிறது, அம்பர்நாத்தில் ஒரு ரயில் பயணம் குறைகிறது. இரண்டையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதினால் எது மலிவு என்று தெரியும். நாம் ஆய்வகச் செலவை மட்டும் எழுதுகிறோம். அவள் இழந்த கூலி எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை.

தடுப்பூசி வந்துவிட்டதே என்பது கடைசி வாதம். புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்த செர்வாவாக் 2022இல் அனுமதி பெற்றது. ஒரே ஊசியே நீடித்த 16, 18 தொற்றைப் பெருமளவு தடுக்கிறது என்பதற்கு 2021இல் வெளியான முக்கியச் சான்றே இந்தியப் பெண்களிடம் நடந்த ஆய்வுதான். ஆனால் ஏற்கெனவே குடிபுகுந்த வைரஸை அந்த ஊசி வெளியேற்றாது. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருதடவையாவது கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 9.8. நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பேர் இந்நோயால் சாகிறார்கள். 2022இல் 14 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்ணுக்கு 35 வயதாக 2043 ஆகும். அதுவரை பரேல் வரிசையில் நிற்கப்போவது அவளுடைய அம்மாவும் சித்தியும் அத்தையும்.